இயேசு காட்டச் சொன்ன காசு வெள்ளலூரில் கிடைத்தது தெரியுமா?

வெள்ளலூர் என்றால் இன்றைய கோவைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு. அந்த வெள்ளலூரில்தான் 1842-ஆம் ஆண்டு 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாக வெளிவந்தன! அவற்றில் பெரும்பாலானவை திபேரியஸ் என்ற பேரரசன் காலத்தவை. இயேசு சிலுவையில் அறையப்பட்டபோது ரோமாபுரியில் ஆண்டுகொண்டிருந்தவன் அவனேதான்.

இன்னும் ஒரு படி நெருங்கிப் பாருங்கள். ரோமானியருக்கு வரி கட்டலாமா கூடாதா என்று கேட்டு மடக்கப் பார்த்தவர்களிடம், ஒரு காசைக் கொண்டுவரச் சொல்லி, இதிலிருக்கும் முகம் யாருடையது என்று இயேசு திருப்பிக் கேட்டாரே, அந்தக் காசு எது? தெனாரியஸ் என்னும் வெள்ளிக் காசு என்கிறது மூல நூல். திபேரியஸ் வெளியிட்ட ஒரு குறிப்பிட்ட வகைத் தெனாரியஸ்தான் அது என்று நாணயவியலாளர்களில் பலர் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். முன்பக்கம் வாகைமாலை சூடிய அரசன் தலை. பின்பக்கம் நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண், ஒரு கையில் செங்கோல், மறு கையில் இலைக்கொத்து. அரசனின் தாய் லிவியாதான் அவள் என்பார்கள். எடை நாலு கிராம்கூட வராது. இந்தியாவில் கிடைத்த திபேரியஸ் காசுகளில் மிக அதிகமாகக் கிடைப்பது இதே வகை! எருசலேமில் ஒரு கேள்விக்கு விடையாக நீட்டப்பட்ட காசின் வகையறா, நொய்யல் கரையில் குவியல் குவியலாகக் கிடந்திருக்கிறது.

வெள்ளலூர் அதோடு ஓயவில்லை. 1891-இல் மறுபடியும் காசு, 1931-இல் மறுபடியும் காசு. பொள்ளாச்சி பக்கத்தில் அதற்கும் முன்பே, 1800-இல், அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள் ஒரு பானையில் கிடைத்தன. ரோம எழுத்தாளர் பிளினி, இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை ரோமப் பேரரசிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது என்று புலம்பி எழுதி வைத்திருக்கிறார். நாலு செஸ்டர்ஸ் சேர்ந்தால் ஒரு தெனாரியஸ். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஒன்றேகால் கோடி வெள்ளிக் காசு! அவர் சொன்ன தொகையைப் பற்றி அறிஞர்கள் வாதிடட்டும். அந்தப் பணத்தின் ஒரு கை கோவைக்கு வந்து சேர்ந்தது என்பதில் வாதத்துக்கே இடமில்லை.

எப்படி வந்தது? மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் ஒரு வாசல் வழியாக! வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, இரண்டுக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத பாலக்காட்டுக் கணவாய். கேரளக் கரையின் முசிறித் துறையில் இறங்கிய சரக்கு, மலையேறாமல், மூச்சு வாங்காமல், மாட்டு வண்டியில் கொங்குக்குள் வரலாம். கொங்கின் பழம்பொருள்களையும் பழைய தேவாலயங்களையும் ஒரே நாளில் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும். காசும் மணியும் வந்து போனது இந்த வாசலில் தொடங்கும் சாலைகளில்தான். சரி, விடியற்காலையிலேயே கிளம்புவோம், மத்தியானம் கொங்கு வெயில் கருணை காட்டாது.

முதல் நிறுத்தம் சுண்டக்காமுத்தூர். ஊருக்கு மேற்கே, குன்றுப் பக்கத்தில் ஒரு பாறை. வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய நெடுஞ்சாலைப் பலகை ஒன்று அந்தப் பாறையில் வெட்டப்பட்டிருக்கிறது தெரியுமா? சாலையின் பெயர் ராஜகேசரிப் பெருவழி. ராஜகேசரி என்ற பட்டம் பூண்ட முதலாம் ஆதித்த சோழன், கி.பி. 871 முதல் 907 வரை ஆண்டவன். சோழனை, காவிரி நாட்டுக்காரனை, உறையூர்க் கோமானை வாழ்த்தும் வெண்பா ஒன்று அதில் இருக்கிறது. சாலைக்குப் பெயர் வைத்துக் கல்லில் வெட்டியதோடு நில்லாமல், கவிதையும் பாடி வைத்த நிர்வாகம்!

வியப்பு இனிமேல்தான். ஒரே வாசகத்தை இரண்டு எழுத்துகளில் பொறித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் தமிழ் எழுத்து, இன்னொரு பக்கம் வட்டெழுத்து. கிழக்கேயிருந்து போகிறவனும் படிக்க வேண்டும், சேர நாட்டிலிருந்து வருகிறவனும் படிக்க வேண்டும் என்பதுதான் காரணமாக இருக்க முடியும். பாறைக்கு முன்னால் நின்று இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். வட்டெழுத்து வளைந்து வளைந்து ஓட, தமிழ் எழுத்து கோடும் மூலையுமாக நிற்கும். மொழி ஒன்று, செய்தி ஒன்று, எழுத்து மட்டும் இரண்டு.

அதே காலத்தில், கணவாய்க்கு அந்தப் பக்கம், வட்டெழுத்தில் எழுதிய இன்னொரு ஆவணம் ஒரு கிறிஸ்தவ தேவாலயத்தின் கையில் இருந்தது தெரியுமா? கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள், கி.பி. 849. சேரன் தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டு. மார் சபீர் ஈசோ என்பவர் அமைத்த தேவாலயத்துக்கு வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் நிலமும் உரிமைகளும் கொடுத்ததைச் சொல்லும் ஏடுகள் அவை. சாட்சிக் கையெழுத்துகளைப் பார்த்தால் தலை சுற்றும். அரபு எழுத்தில் சிலர், பழைய பாரசீகத்தின் பஹ்லவியில் சிலர், எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்தில் சிலர்! முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் எல்லாரும் ஒரே பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதுவும் ஒன்பதாம் நூற்றாண்டில்.

அந்தத் தாணு ரவியும் நம் ராஜகேசரியும் நண்பர்கள்! விக்கி அண்ணன் என்ற தலைவனுக்கு இருவரும் சேர்ந்து சிறப்புச் செய்ததைத் தில்லைத்தானக் கல்வெட்டு சொல்கிறது. கிறிஸ்தவ வணிகருக்கு உரிமை கொடுத்த செப்பேட்டில் யாருடைய ஆட்சியாண்டு இருக்கிறதோ, அவனுடைய கூட்டாளி பெயரில்தான் கோவையின் மலையோரச் சாலை. ஒன்றை மதுக்கரைப் பக்கத்துக் குன்றிலும் மற்றொன்றைக் கேரளத்திலும் தனித்தனியாகப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த உறவு தெரியாமலே போய்விடுகிறது. இரண்டையும் ஒரே பாடத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

கோவையிலிருந்து வடக்கே பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் நீலகிரி தெரியும். இயேசுவின் சீடர் தோமா வழிவந்த கிறிஸ்தவர்கள் அந்த மலைமேல் மறைந்து வாழ்கிறார்கள் என்று நம்பி, 1603-ஆம் ஆண்டு ஓர் இயேசு சபைப் பாதிரியார் அவர்களைத் தேடி ஏறினார் தெரியுமா? இத்தாலியரான அவர் பெயர் ஜாகோமோ பெனிசியோ. கோழிக்கோட்டில் பணி. தோமா கி.பி. 52-இல் கேரளக் கரையில் இறங்கினார் என்பது அங்குள்ள கிறிஸ்தவர்களின் தொன்மையான நம்பிக்கை. அந்தக் கூட்டத்தில் ஒரு பிரிவு மலையேறிப் போய், வேதத்தை மறந்து, தனித்துக் கிடக்கிறது என்று ஒரு பேச்சு உலவியது. பெனிசியோ மண்ணார்க்காடு வழியாகக் காடு மேடு ஏறிப் போய்ச் சேர்ந்தார். தேவாலயம் இருந்ததா? இல்லை. சிலுவை? இல்லை. இயேசுவின் பெயராவது? அதுவும் இல்லை. அவர் கண்டது எருமைகளைத் தெய்வமாகப் போற்றும் தோடர்களை! பெண்களுக்குக் கண்ணாடியும் நூலும் பரிசாகக் கொடுத்து, அவர்களுடைய வழக்கங்களையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். படகர்களையும் பார்த்தார். ஏமாற்றத்தோடு இறங்கிய அந்த மனிதர் எழுதிய கடிதம்தான் நீலகிரி மக்களைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய மிகப் பழைய விரிவான குறிப்பு. மூன்று நூற்றாண்டு கழித்து, 1906-இல், மானிடவியலாளர் ரிவர்ஸ் தோடர்களைப் பற்றிய தன் பெரிய நூலில் அதன் மொழிபெயர்ப்பைச் சேர்த்தார்.

இன்னொரு பாதிரியார் தெற்கே இருந்து வந்தார். மதுரையில் காவி கட்டிச் சந்நியாசியாக வாழ்ந்த ராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்று தமிழர் அறிந்தவர். 1623-இல் மதுரையை விட்டுக் கிளம்பி, திருச்சி வழியாகச் சேந்தமங்கலம், சேலம் என்று கொங்கின் வடகிழக்கு மூலைக்குள் நடந்தார். சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் வரவேற்றார். சேலத்து ஆட்சியாளரின் அண்ணன் திருமங்கல நாயக்கர் 1625-இல் ஞானஸ்நானம் பெற்றார்.

சரி, வண்டியை அவிநாசி சாலையில் திருப்புங்கள். கருமத்தம்பட்டி. கோவையிலிருந்து சேலம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனையோ தடவை கடந்திருப்போம். செபமாலை அன்னை திருத்தலம் இங்கேதான். அதன் வேர் பதினேழாம் நூற்றாண்டு வரை போகிறது என்பது தலத்தின் மரபு. சில ஆண்டுகளுக்கு முன் பசிலிக்கா என்ற தகுதியும் கிடைத்தது. அக்டோபரில் தேர்த் திருவிழா என்றால் சுற்று வட்டாரமே திரளும்.

ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் தேவாலயங்களை எழுப்பிய ஒரு துறவற சபையின் கதை இந்தக் கருமத்தம்பட்டி வழியாக ஓடுகிறது தெரியுமா? அந்தக் கதையின் நாயகர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக். 1813-இல் தென் பிரான்சின் கஸ்தெல்நோதாரியில் பிறந்தவர். 1842-இல் புதுச்சேரி வந்தார். கோவைப் பகுதிக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டு, 1846 அக்டோபர் 4-ஆம் தேதி ஆயராகத் திருநிலைப்பாடு பெற்றார். எந்தப் பெருநகரத்தில்? பெருநகரமே இல்லை, இந்தக் கருமத்தம்பட்டியில்! நாள்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டினால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அக்டோபரின் முதல் ஞாயிறு. அக்காலத்தில் செபமாலை அன்னையின் திருநாளே அதுதான். செபமாலை அன்னை ஊரில், செபமாலை அன்னை நாளில், ஓர் ஆயர்!

அவர் என்னை ஈர்ப்பது வேறு காரணத்துக்காக. இந்த மண்ணின் தேவாலயத்தை இந்த மண்ணின் குருக்களே நடத்த வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே விடாமல் வாதாடிய வெள்ளைக்காரர் அவர். உள்ளூர் இளைஞர்களைக் குருக்களாகப் பயிற்றுவிப்பதே முதல் வேலை என்றார். அதற்குச் சக மிஷனரிகளிடையே போதிய ஆதரவு இல்லை. சாதி வழக்கங்களைத் தேவாலயத்துக்குள் எவ்வளவு தூரம் அனுமதிப்பது என்ற கேள்வியும் அவர் மனசாட்சியைக் குடைந்துகொண்டே இருந்தது. பதவியைக் காப்பாற்றிக்கொள்ள அவர் சமரசம் செய்துகொள்ளவில்லை. 1855-இல் விலகினார். அதோடு முடங்கிவிட்டாரா? 1856 டிசம்பர் 8-ஆம் தேதி, பிரான்சின் லியோன் நகரில், ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் தாமே கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் பிரீடவுனில் இறங்கினார். அங்கே கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்தது. ஆறே வாரம். ஜூன் 25-ஆம் தேதி இறந்துபோனார், வயது 45. அவர் தொடங்கிய சபை இன்றைக்கும் இருக்கிறது. 2020-இல் ரோம் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. கோவை பெரிய கடைவீதியில் புனித மிக்கேல் பேராலயத்தைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? தெரிய வேண்டிய பெயர்.

விஜயமங்கலத்தில் கொஞ்ச நேரம் நிற்கலாம். அங்கே இருக்கும் பழைய சமணக் கோயிலில் மூலவர் சந்திரப்பிரபர். பெருங்கதை பாடிய கொங்குவேளிர் ஊர் இது என்பார்கள். சிரவணபெளகொளாவில் வானளாவ நிற்கும் கோமதீசுவரர் சிலையை எழுப்பிய சாமுண்டராயரின் தங்கை புள்ளப்பை உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட இடம் இந்தக் கோயில்தான் தெரியுமா? அதற்குக் கல்வெட்டுச் சாட்சி இங்கேயே இருக்கிறது. கர்நாடகத்துக் கோமதீசுவரரைப் பார்க்க இங்கிருந்து வண்டி வைத்துக்கொண்டு போகிறோம். அண்ணன் எழுப்பிய சிலையைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் தங்கையின் ஊரில் இறங்குவதே இல்லை.

அடுத்தது கொடுமணல். இந்த நாளின் உச்சம் இதுதான், அவசரப்படாதீர்கள்.

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில், பார்ப்பதற்குச் சாதாரண மேட்டுக்காடு. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்று பாடிய ஊர் இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. சங்கப் பாட்டில் வந்த ஒரு தொழில் நகரம், பாட்டில் சொன்ன அணிகலன்களோடு மண்ணுக்கடியிலிருந்து எழுந்து வந்திருக்கிறது! 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் இங்கே தோண்டினார்கள். பேராசிரியர்கள் எ. சுப்பராயலு, கா. ராஜன் பெயர்களைக் கொடுமணல் உள்ளவரை மறக்கக் கூடாது. பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், தமிழகத் தொல்லியல் துறையும் தொடர்ந்தன.

என்னவெல்லாம் கிடைத்தது? இரும்பு உருக்கிய உலைகள். எஃகு செய்த தடயங்கள். தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் 500-க்கும் மேல்! கல்லறையில் வைத்த பானைகளில் மட்டுமல்ல, வீட்டில் புழங்கிய சாதாரணச் சட்டியிலும் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு ஓடுகளில் எழுத்து இருந்தால், எழுதத் தெரிந்தவர்கள் அரண்மனையில் மட்டும் இருந்திருக்க முடியாது. அறிவியல் காலக்கணிப்பு இந்தக் குடியிருப்பைக் கி.மு. 5-ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோகிறது.

மணிகள்! படிகம், பெரில், நீலக்கல், சூதுபவளம், அகேட். நீலக்கல் பக்கத்திலிருக்கும் சிவன்மலை வட்டாரத்துச் சரக்கு. பெரில் காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைத்தது. சூதுபவளம் இந்த ஊர்க் கல்லே இல்லை, குஜராத்திலிருந்து வந்தது. லாபிஸ் லாசுலி என்னும் கல் ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து. கச்சாக் கல்லை அத்தனை தூரத்திலிருந்து வரவழைத்து, நொய்யல் கரையில் அறுத்து, தேய்த்து, துளையிட்டு, மெருகேற்றி விற்ற பட்டறை ஊர் இது. ஒரே கல்லறையில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள்! பெரில் கல் இந்தியாவில்தான் கிடைக்கிறது, வேறெங்கும் அரிது என்று பிளினி எழுதினார். 5 கோடி செஸ்டர்ஸ் போச்சே என்று புலம்பிய அதே பிளினி. இப்போது வெள்ளலூர்க் காசு ஏன் வந்தது என்று புரிகிறதா?

முழுமையாக முடிந்த மணியைவிட, பாதியில் நின்றுபோன மணிதான் என்னை அதிகம் பேச வைக்கிறது. ஒரு பக்கம் மட்டும் துளை தொடங்கி, நடுவில் விரிசல் விட்டு, தூக்கிப் போடப்பட்ட கல். இரண்டு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்கவைப்பதுதான் தொழில் நுணுக்கம். கொஞ்சம் கோணினாலும் போயிற்று. வெட்டிய கல், தேய்த்த கல், துளைபோடாத கல் என்று எல்லாக் கட்டமும் இங்கே கிடைத்ததால்தான், இது மணி வாங்கி விற்ற சந்தை மட்டுமல்ல, செய்த இடமும் என்று ஆய்வாளர்களால் அடித்துச் சொல்ல முடிந்தது. கெட்டுப்போன மணிதான் பட்டறைக்குச் சாட்சி!

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன். "மழ பேஞ்சு ஓஞ்சதும் பாரு கண்ணு, பாசி தானா மேல வரும். நாங்க சின்னப்புள்ளயா இருக்கீல பொறுக்கி வெளயாடுவோம்" என்றார். பாசி என்பதுதான் இந்தப் பக்கத்துப் பேச்சு. உங்கள் கண்ணிலும் ஒன்று பட்டால், தயவுசெய்து எடுத்துப் பையில் போடாதீர்கள். எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் அது வெறும் கல். ஈமக்காட்டுக் கல்வட்டங்கள் பல ஏற்கெனவே உழவிலும் கல் உடைப்பிலும் போய்விட்டன. எஞ்சியவற்றின் பலகைக் கற்களில் வட்டமாகக் குடைந்த இடுதுளையைக் குனிந்து பாருங்கள், ஏறி நிற்காதீர்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே அறச்சலூர் போய்விட வேண்டும். நாகமலைக் குன்றின் குகைத்தளத்தில், பிற்காலத் தமிழ்ப் பிராமியில், ஒரு கல்வெட்டு. புலவர் செ. இராசு 1960-களில் உலகுக்குக் காட்டியது. இந்தியாவின் மிகப் பழைய இசைக் கல்வெட்டுகளில் ஒன்று நம் ஈரோட்டுக் குன்றில் இருக்கிறது தெரியுமா? ஐந்துக்கு ஐந்து கட்டமாக எழுத்துகள். த, தை, தா, தே என்று நாட்டியத்துக்கு அடவு சொல்லும் ஓசைகள். இடமிருந்து வலம் படித்தாலும், வலமிருந்து இடம் படித்தாலும், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், எப்படிப் படித்தாலும் அதே வரிசை!

இதை அமைத்தவர் தன் பெயரையும் பொறித்திருக்கிறார். மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். மணிக்கல்லின் தரம் பார்த்துச் சொல்லும் தொழிலில் இருந்தவர்! கொடுமணலில் மணி செய்தார்கள், சில மைல் தள்ளி மணிக்குத் தரம் சொன்ன ஒருவர் குன்றில் ஏறித் தாளம் எழுதியிருக்கிறார். சாத்தன் என்ற பெயர் இந்த மலையோடு நிற்கவில்லை. செங்கடல் கரையில், எகிப்தின் குசேர் அல் காதிம் துறைமுகத்தில், தோண்டியெடுத்த பானை ஓடு ஒன்றில் தமிழ்ப் பிராமியில் சாதன் என்று கீறியிருக்கிறது. இன்னொன்றில் கணன். அந்த ஆள் வேறு, இந்த ஆள் வேறு. ஆனால் தன் சட்டியில் பெயர் எழுதி வைக்கும் பழக்கத்தை நம்மவர் கப்பலிலும் கொண்டுபோயிருக்கிறார்கள்!

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் ஐந்துக்கு ஐந்து கட்டம் போடுங்கள். நான்கே ஓசைகளை வைத்து, நாலு திசையிலும் ஒன்றுபோல வரும்படி நிரப்பச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மணிக்கல் தரம் பார்த்தவர் பாறையில் பிழையில்லாமல் வெட்டியதை, ரப்பர் வைத்து அழித்து அழித்து எழுத நமக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள்!